இரண்டு டன் கௌரவம்

'சார், ஒரு சின்ன விஷயம்...'

சர்வீஸ் சென்டரிலிருந்து வரும் போன் எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். டாக்டர், வக்கீல், சர்வீஸ் அட்வைசர் - இந்த மூன்று பேரும் 'சின்ன விஷயம்' என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வது நல்லது.

2019-ல் ஒரு சனிக்கிழமை. நான் நின்றுகொண்டே கேட்டேன்.

'கிளட்ச் பிளேட் போயிடுச்சு சார். ஃப்ளைவீலும் கூடவே மாத்தணும். இது ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் சார்.'

'எவ்வளவு ஆகும்?'

'டாக்ஸோட சிக்ஸ்டி டூ வரும் சார்.'

ஆறாயிரத்து இருநூறு என்று என் மூளை அவசரமாக ஒரு மொழிபெயர்ப்பு செய்துகொண்டது. 'அவ்வளவுதானே, போட்டுடுங்க' என்றேன். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோதுதான் பில்லில் இன்னொரு பூஜ்யம் இருப்பது தெரிந்தது. அறுபத்திரெண்டாயிரம். என் கையில் இருந்த கிரெடிட் கார்டு அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் எல்லையைப் பார்த்தது.

நான் படித்தது பி.காம். தேய்மானம் என்ற பாடத்தை நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு, முழு மார்க் வாங்கியவன். பரீட்சையில் எப்போதும் ஒரு 'இயந்திரம்' வரும். அதன் அடக்க விலை, ஆயுட்காலம், இறுதி மதிப்பு எல்லாம் கேள்வித்தாளிலேயே இருக்கும். வாழ்க்கையில் கேள்வித்தாள் கொடுப்பதில்லை. 2018 ஜூனில் ஒரு எஸ்.யு.வி.யைப் பார்த்தேன். ஐந்து வருஷம் பழசு, டீசல், 71,000 கிலோமீட்டர் ஓடியது, அப்போதுதான் கழுவி மெழுகு போட்டு வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். விலை ஆறரை லட்சம். புதுசாக வாங்கியவர் இதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருப்பார் என்று புரோக்கர் சொன்னார். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, மீதிப் பாதி எங்கே போனது என்று கேட்கவில்லை. பி.காம்.!

கிளட்ச் சம்பவத்துக்குப் பிறகு, பையனின் பழைய கோடு போட்ட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். பெட்ரோல் பங்க் ரசீதிலிருந்து பஞ்சர் வரைக்கும். 2024 ஜூனில் வண்டியை விற்கும்வரை எழுதினேன். இந்த வாரம் அந்த நோட்டைத்தான் உங்கள் முன்னால் விரிக்கப்போகிறேன். காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆறு வருஷத்தில் 55,000 கிலோமீட்டர் ஓட்டினேன். கிளட்ச் 62,000. டயர் இரண்டு முறை: முதலில் 48,000, நான்கு வருஷம் கழித்து 56,000. லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், புஷ் என்று சஸ்பென்ஷன் வகையில் 41,000. டர்போ 58,000. ஒரே ஒரு இன்ஜெக்டர் 24,000. (மொத்தம் நாலு இருக்கிறது, மற்ற மூன்றும் என் மேல் இரக்கப்பட்டன.) ஏ.சி. கம்ப்ரசரும் கூலிங் காயிலும் 39,000. பேட்டரி இரண்டு, 15,000. பிரேக் 23,000. வருஷாந்திர சர்வீஸ் ஆறும் சேர்த்து 84,000. இன்ஷூரன்ஸ் ஆறு வருஷத்துக்கு 1,32,000. பவர் விண்டோ, சாவி, பெயர் வாயில் நுழையாத சென்சார்கள் - 31,000. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டிக்குள் தண்ணீர் புகுந்ததில், இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக என் கையை விட்டுப் போனது 39,000.

கூட்டிப் பாருங்கள். 6,52,000.

வாங்கின விலையைவிட இரண்டாயிரம் அதிகம். அதாவது, ஒரு வண்டி வாங்கினேன். அதை ஓட வைக்க இன்னொரு வண்டியின் விலையைக் கொடுத்தேன்.

இன்னும் முடியவில்லை. விற்கும்போது கிடைத்தது 2,40,000. ஆக, தேய்மானம் 4,10,000. லிட்டருக்குப் பதினோரு கிலோமீட்டர் கொடுத்தது. டீசலுக்குச் சுமாராக 4,20,000. எல்லாம் சேர்ந்து 14,82,000. இதை 55,000-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 27 ரூபாய் வருகிறது. டிரைவர் சம்பளம் கிடையாது, டிரைவர் நானே. போட்ட பணத்துக்கு வட்டியும் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் எங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகையை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

இதே காலத்தில், வெளியூர் போக வாடகைக் கார்க்காரர் கிலோமீட்டருக்கு 14, 15 ரூபாய் கேட்டபோது, 'என்னப்பா கொள்ளையடிக்கிறே' என்று பேரம் பேசியவன் நான். அந்த மனிதரிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

*

'பழைய வண்டி வாங்கினா அப்படித்தான் சார். புதுசு வாங்கியிருக்கணும்' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. என் மாப்பிள்ளையும் (தங்கை கணவர்) அதைத்தான் சொன்னார். நல்ல மனுஷன். தனியார் கம்பெனியில் நடுத்தரப் பதவி. ஏற்கெனவே ஒரு ஹேட்ச்பேக் வைத்திருக்கிறார், ஒரு குறையும் சொல்ல முடியாத வண்டி. போன மாதம் கையில் பளபளவென்ற ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். அட்டையில் எஸ்.யு.வி. ஒன்று பனிமலை உச்சியில் நிற்கிறது. மாப்பிள்ளை வீடு மடிப்பாக்கத்தில்.

'மச்சான், ஷோரூம் விலை பதினாறு லட்சம். வாரன்டி மூணு வருஷம். பேங்க்ல ஏழு வருஷ லோன் தர்றாங்க. மாசம் இருபத்துநாலாயிரம்தான்.'

அந்த 'தான்' இருக்கிறதே, அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பதினாறு லட்சத்தில் ஆரம்பிப்போம். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய எஸ்.யு.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். கோலா பானங்கள் இருக்கிற அதே வரிசை. அதற்கு முன்னால் செஸ் சேர்த்து 50 வரைக்கும் போனது, அதனால் இது குறைப்பு, கொண்டாடினோம். பதினாறு லட்சத்துக்குள்ளேயே நாலரை லட்சத்துக்குமேல் வரி உட்கார்ந்திருக்கிறது. பிறகு தமிழ்நாட்டில் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தியதற்குப் பிறகு, பத்து லட்சத்துக்கு மேல் இருபது வரை 18 சதவீதம். அதாவது 2,88,000 ரூபாய். ஆக ஏழேகால் லட்சத்தைத் தாண்டி வரி மட்டுமே. இதில் ஒரு பைசாவும் நீங்கள் வண்டியை விற்கும்போது தனியாக உங்கள் பையில் திரும்ப வந்து விழாது. இன்ஷூரன்ஸ், பதிவு, அது இது என்று ரோட்டுக்கு வரும்போது இருபது லட்சம் ஆகியிருக்கும்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு நாசூக்கு உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணத்தைப் பாருங்கள். ஆயிரம் சி.சி.க்குக் கீழே 2,094 ரூபாய். 1,500 சி.சி. வரை 3,416. அதற்கு மேலே போனால் 7,897. சட்டப்படி கட்டாயமான அந்த அடிப்படைக் காப்பீட்டிலேயே, சின்ன எஞ்சினுக்கும் பெரிய எஞ்சினுக்கும் நடுவே கிட்டத்தட்ட நாலு மடங்கு.

பதினைந்து லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, 84 தவணை. மாதம் 24,134. மொத்தம் கட்டுவது இருபது லட்சத்து இருபத்தேழாயிரம். இது கால்குலேட்டரில் யாரும் போடக்கூடிய கணக்கு. வங்கியும் மறைக்கவில்லை. ஆனால், என் மண்டையில் ஆணி அடித்தது வேறு ஒரு கணக்கு.

வாரன்டி மூன்று வருஷம். கடன் ஏழு வருஷம்.

நடுவே இருக்கிற அந்த நாலு வருஷம் யாருடையது? கம்பெனி கைகழுவிய பிறகும், வங்கி கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வருஷங்கள் அவை. டயர், பேட்டரி, பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச் - ஒவ்வொன்றாக விடைபெறுகிற பருவமும் சரியாக அதுதான். மாசம் 24,000 தவணையோடு, 'சார், ஒரு சின்ன விஷயம்' போன்களும் வர ஆரம்பிக்கும். காசு கட்டினால் வாரன்டியை நீட்டிக்கலாம். ஆனால் தேய்ந்து போகிற பொருட்களுக்கு அது பொருந்தாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். தேயாத பொருளை நான் ஏன் சார் மாற்றப்போகிறேன்?

மாப்பிள்ளையின் பெண் இப்போது பத்தாவது படிக்கிறாள். நாலாவது வருஷம் வண்டிக்கு வாரன்டி முடிந்திருக்கும்போது அவள் காலேஜில் இருப்பாள். இதை அவரிடம் சொன்னேன். 'அதுக்கு எஜுகேஷன் லோன் இருக்கே மச்சான்' என்றார். காருக்கு அப்பா கடன் வாங்குவார், படிப்புக்குப் பெண் கடன் வாங்குவாள். நாலு சக்கரத்துக்காக ஒரு குடும்பம் எப்படி இரண்டு பக்கமும் இழுபடுகிறது பாருங்கள்.

*

எஸ்.யு.வி. ஏன் இப்படிச் செலவு வைக்கிறது? யாரும் சதி செய்யவில்லை. எடை. அவ்வளவுதான்.

ஒரு சின்ன ஹேட்ச்பேக் முக்கால் டன்னிலிருந்து ஒரு டன்னுக்குள் இருக்கும். பெரிய எஸ்.யு.வி. இரண்டு டன்னைத் தொடுகிறது. அந்தக் கூடுதல் ஒரு டன்னை ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சிக்னலிலும் கிளப்ப வேண்டும். நிறுத்துவது பிரேக், கிளப்புவது கிளட்ச், தாங்குவது சஸ்பென்ஷன், தேய்வது டயர். எல்லாமே பெரிய சைஸ். சின்னக் காருக்கு 145/80 ஆர்13 டயர் என்றால், ஃபார்ச்சூனர் ரகத்துக்கு 265/60 ஆர்18. அகலத்திலேயே கிட்டத்தட்ட இரட்டிப்பு. எஞ்சின் ஆயில் அங்கே மூன்று லிட்டர், இங்கே ஆறேழு. ஃபோர்வீல் டிரைவ் இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னால் ஒரு டிஃபரன்ஷியல், பின்னால் ஒன்று என்று கூடுதலாக மூன்று வயிறு. மூன்றுக்கும் ஆயில் ஊற்ற வேண்டும். நம்மில் எத்தனை பேர் அந்தக் குமிழியை ஒரு தடவையாவது திருப்பியிருக்கிறோம்? தெரிந்தவர் ஒருவர் திருப்பினார். திருவான்மியூர் பீச்சில். மணலில் மாட்டி, மீனவர்கள் வந்து தள்ளிவிட்டார்கள்.

டீசல் வண்டிக்கு 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு இன்னொரு விருந்தாளி சேர்ந்திருக்கிறார். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி. டி.பி.எஃப். என்பார்கள். ஊருக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால், பிடித்து வைத்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்குச் சூடு வேண்டும். சூட்டுக்கு, வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் தொடர்ந்து வேகமாக ஓட வேண்டும். தினமும் மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் விட்டால் எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு சத்தியாகிரகம் செய்யும். வடிகட்டியையே மாற்ற வேண்டிய நிலை வந்தால் பல வண்டிகளில் அது லட்சத்தைத் தொடும் சமாச்சாரம். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுகிறவரிடம் டீசல் எஸ்.யு.வி.யை விற்கும்போது, 'சார், வாரம் ஒருமுறை சும்மாவாவது செங்கல்பட்டு வரைக்கும் ஓட்டிட்டு வாங்க' என்று சொல்லி விற்க வேண்டாமா? சொல்வார்களா?

அப்புறம் சன்ரூஃப். சென்னையில் வருஷத்துக்கு எத்தனை நாள் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு போக முடியும்? வெயிலில் மண்டை காயும். மழையில் கேட்கவே வேண்டாம். திறக்கிற அந்த ஐந்தாறு நாளும் பையனின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது ஆபத்து. ஓரத்தில் தண்ணீர் வடிய சின்னக் குழாய்கள் இருக்கின்றன. மரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் அவை இலைத் தூசியால் அடைத்துக்கொள்ளும். பிறகு மழைநீர் சீட்டுக்கு வரும். எல்.இ.டி. ஹெட்லைட் இன்னொன்று. அந்தக் காலத்தில் பல்பு போனால் பல்பு வாங்குவோம். இப்போது பல வண்டிகளில் மொத்த விளக்கையும் மாற்ற வேண்டும். முன்கண்ணாடியில் கேமரா இருக்கிற வண்டியா? கண்ணாடி மாற்றினால் கேமராவுக்கும் தனியாக 'காலிபரேஷன்' செய்ய வேண்டும். அதற்கும் தனி பில்.

வெள்ளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'உயரமான வண்டி, தண்ணியில போகும்' என்பதுதான் 2015 டிசம்பருக்குப் பிறகு சென்னையில் எஸ்.யு.வி. விற்ற மந்திரம். நானும் அதில் விழுந்தவன். உயரமான வண்டியும் நிறுத்தியிருக்கும்போது நீந்தாது. தண்ணீருக்குள் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து அது உடைந்தால், சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி கைவிரித்துவிடும்; அதற்கென்று தனியாக 'எஞ்சின் புரொடெக்ட்' வாங்கியிருக்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் எல்லாவற்றுக்கும் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துக்கொண்டுதான் பணம் வரும், 'ஜீரோ டெப்' போடாவிட்டால். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வரிசையில் எஸ்.யு.வி.யும் இருந்தது, ஹேட்ச்பேக்கும் இருந்தது. வெள்ளத்துக்குப் பயப்படுவதில் இரண்டும் சமம்.

*

புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒரு பாய் இருக்கிறார். முப்பது வருஷ அனுபவம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். டர்போ போனபோது முதலில் அவரிடம்தான் போனேன். கேட்டுவிட்டு, 'டர்போதான் சார். ஆனா மாத்தினாலும் கம்ப்யூட்டர்ல எர்ரரைத் தூக்கணும். அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் எங்களுக்குத் தர மாட்டான்' என்றார். நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரிடம் மருந்து இல்லை. மருந்து இருக்கிற இடத்தில் 'எதுக்கும் இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி. டிஸ்இன்ஃபெக்டன்ட் எல்லாம் போட்டுடலாம் சார்' என்று டிக் அடித்துக்கொண்டே போனார்கள். போட்டோம்.

பாயின் புலம்பல் ஏதோ தனிமனிதர் வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். இதைத்தான் இந்தியாவின் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பாகவே சொன்னது. 2011-ல் வந்த ஒரு புகாரை விசாரித்து, பதினாலு கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்து, வண்டி வாங்கியவரைத் தங்கள் சர்வீஸ் சென்டருக்கே வந்தாக வேண்டும் என்று கட்டிப்போட்டார்கள் என்பது குற்றம். வெளி மெக்கானிக்குக்கும் எல்லாம் கிடைக்கச் செய்யுங்கள் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டது. அதில் எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் வாகனமும் ஒன்று. அதே வருஷம் டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தார்கள். பாயிடம் இதையெல்லாம் சொன்னேன். 'நல்லது சார். சாஃப்ட்வேர் வந்துச்சுன்னா சொல்லுங்க' என்றார்.

கார் கம்பெனிகளிடம் என் கோரிக்கை ரொம்பச் சின்னது. கடையில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினால், அதன் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. எத்தனை நட்சத்திரம், வருஷத்துக்கு எத்தனை யூனிட் கரன்ட் குடிக்கும் என்று போட்டிருக்கும். இருபதாயிரம் ரூபாய் ஃப்ரிட்ஜுக்கு இருக்கிற இந்த நேர்மை இருபது லட்சம் ரூபாய் வண்டிக்கு ஏன் இல்லை? ஷோரூமில் தருகிற விலைப்பட்டியலின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? டயர், கிளட்ச், பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், டர்போ, இன்ஜெக்டர், ஹெட்லைட், முன்கண்ணாடி - இருபது ஐட்டத்துக்கு இன்றைய விலையும், சாதாரணமாக எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் அச்சடித்துக் கொடுங்கள். 'ஐந்து வருஷ மெயின்டனன்ஸ் இவ்வளவுதான்' என்று சில கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. அது ஆயில், ஃபில்டர் மாற்றுகிற வழக்கமான சர்வீஸ் செலவு. தேய்மானப் பொருட்கள் அதில் சேராது என்று கீழே நட்சத்திரக் குறி போட்டிருக்கும். அந்த நட்சத்திரத்துக்குள்தான் என் ஆறு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரமும் இருக்கிறது.

உடனே 'உங்களுக்கு எஸ்.யு.வி. மேல என்ன கோபம்?' என்று கேட்காதீர்கள். கொல்லிமலையிலும் வால்பாறையிலும் இருக்கிறவர்களுக்கும், குவாரிக்குப் போய் வருகிற கான்ட்ராக்டருக்கும், ஒரே வண்டியில் பத்துப் பேர் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மலைக்கிராமத்துக்கும் அது தேவையான கருவி. கருவி தேய்ந்தால் வருமானத்திலிருந்து அதைச் சரிசெய்வார்கள். என் வண்டி எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது என்ன? அபார்ட்மென்ட் வாட்ச்மேனின் சல்யூட். அதுவும், ரெண்டரை மீட்டர் அகல பார்க்கிங்கில் என் வண்டியின் கதவைத் திறந்தால் பக்கத்து ஃப்ளாட்காரர் வண்டியில் இடிக்கும் என்பதால், வாரம் ஒரு சண்டையோடு சேர்த்து.

ஏழு சீட்டு? ஆறு வருஷத்தில் மூன்றாவது வரிசையை நாலு முறை விரித்தோம். அதில் உட்கார்ந்தவர்கள் முழங்காலைத் தாடையில் முட்டுக் கொடுத்தபடியே கும்பகோணம் வரை வந்தார்கள். மீதி நாளெல்லாம் காலி சீட்டைச் சுமந்துகொண்டு அலைந்தது வண்டி. பாதுகாப்பு? ஆறு ஏர்பேக்கும் ஐந்து நட்சத்திரமும் இப்போது சின்னக் கார்களுக்கும் வந்துவிட்டன. 2024 நவம்பரில் டிசைர் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

ரோடு மோசம் என்கிறீர்களா? அதை ஒத்துக்கொள்கிறேன். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டுப் போட்டு வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினால் மூடுவதில்லை. ஆனால், இதற்கு வார்டு கவுன்சிலரைத்தானே போய்ப் பார்க்க வேண்டும்? நாம் ஷோரூமுக்குப் போகிறோம். மாநகராட்சி போட வேண்டிய ரோட்டுக்கு, நான் 41,000 ரூபாயில் சஸ்பென்ஷன் போட்டேன். பள்ளம் அப்படியே இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் ஏறத்தாழ 28 லட்சம் இந்த யூட்டிலிட்டி ரகம்தான். பள்ளத்துக்கு மேலே போகிற வசதி இத்தனை பேருக்கு வந்துவிட்டால் பள்ளத்தை மூடச் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்? ஸ்கூட்டியில் வருகிற டீச்சரா?

*

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம்.

2024 ஜூனில் என் வண்டியை ஒரு இருபத்தெட்டு வயசுப் பையன் வாங்கினான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புரோக்கர் வழக்கம்போல கழுவி, மெழுகு போட்டு, வெயிலில் நிறுத்தியிருந்தார். பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். 'மெயின்டனன்ஸ் எப்படி சார்?' என்று கேட்டான்.

அந்தக் கோடு போட்ட நோட்டு அப்போது என் பையில்தான் இருந்தது. 'எல்லாம் கரெக்டா சர்வீஸ் பண்ணியிருக்கேன் தம்பி' என்றேன். சொன்னதில் பொய் இல்லை. வெள்ளத் தண்ணீர் பற்றி அவன் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. கம்பெனிக்காரர்கள் பொடி எழுத்தில் எழுதியாவது வைக்கிறார்கள். நான் அதுகூடச் செய்யவில்லை.

மாப்பிள்ளைக்கு அன்று அந்த நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் படித்தார். என் தங்கை எட்டிப் பார்த்து, 'ஏங்க, இந்தக் காசுக்கு ரெண்டு வருஷ காலேஜ் ஃபீஸ் கட்டலாமே' என்றாள். மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, 'பெட்ரோல் வண்டின்னா இந்த டர்போ, இன்ஜெக்டர் தொல்லையெல்லாம் குறையும்ல மச்சான்?' என்றார். அந்தப் பளபளா புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

போன வாரம் அந்தப் பையன் போன் செய்தான். முதல்முறையாக.

'சார், டிஸ்டர்ப் பண்றேன். கிளட்ச் கொஞ்சம் ஹார்டா இருக்கு. சர்வீஸ்ல ஃப்ளைவீல்னு ஏதோ சொல்றாங்க. உங்ககிட்ட இருக்கிறப்போ இந்த மாதிரி...'

'இரு தம்பி, ஒரு நிமிஷம்' என்று சொல்லி, மாப்பிள்ளைக்கு போன் போட்டு, நோட்டைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். அன்று ராத்திரி ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மிக்ஜாம் பக்கம் உட்பட. மொத்தம் முப்பத்தொரு பக்கம்.

எல்லாவற்றிலும் நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.